எந்தக் கோயிலுக்கு அக்கா?

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை, கொட்டாஞ்சேனை வீட்டில். வேலைக்கு வெளிக்கிட்டு, செருப்புப் போடக் குனிந்தவர் அப்படியே விழுந்துவிட்டாராம்...

வெள்ளவத்தையில் ஒரே புடவைக்கடை, ஒரே கவுன்டர். பதினொரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

அக்கா வேதக்காரர், கத்தோலிக்கர். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் சரி; ஆனால் வெள்ளிக்கிழமை லன்ச் டைமில் என்னோடு பிள்ளையார், இடையில் ஒரு நாள் தர்கா, பௌர்ணமிப் போயாவுக்கு விகாரையில் போதிமரம்... ஒருவரையும் விடமாட்டார். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டுக் கடைசியில் சிலுவை போடுவார். ஐயர் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார்.

நானும் குறைந்தவள் இல்லை. முதல் தடவை அவரோடு சேர்ச்சுக்குப் போனபோது, வாசலில் இருந்த தண்ணீரைத் தீர்த்தம் என்று நினைத்து மூன்று தரம் கையில் ஏந்திக் குடித்துவிட்டேன்.

"அடி பாவி, அது தொட்டுச் சிலுவை போடுறதுக்கு!" என்று சிரித்தார். பிறகு, "பரவால்ல விடு, உள்ள போனா இன்னும் நல்லா வேலை செய்யும்."

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் எண்டால் ஏன் அக்கா இத்தனை இடத்துக்கு அலையிறீங்கள்?"

"ஆள் ஒண்ணுதான். கவுன்டர்தான் வேற. எந்த கவுன்டர்ல எப்ப இருப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

என் மகளின் இதயத்தில் இருக்கும் ஓட்டைக்கு இனி மருந்து போதாது என்று டொக்டர் சொன்ன அன்று, கடை ஸ்டோர் ரூமில் சாறிக் கட்டுகளுக்கு நடுவில் இருந்து கத்தினேன். "ஒரு கவுன்டரிலயும் ஒருத்தரும் இல்லை அக்கா. எல்லாம் பூட்டிக் கிடக்கு."

அக்கா கோபிக்கவில்லை. சாறித் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்.

"நான் பிள்ளைக்கு நேத்திக்கடன் வச்சிட்டேன். எங்கேன்னு கேக்காத, வெளிய சொன்னா பலிக்காது. பிள்ளை எழும்பி வந்ததும் மூணு பேருமா போய் முடிப்போம்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரம் சாப்பிட்டேன், படுத்தேன்.

வியாழக்கிழமை ஒப்பரேஷன். நேத்தி வைத்தால் கட்டாயம் தீர்க்க வேண்டும். எந்தச் சாமிக்கு, என்ன செய்வதாக... எனக்கு ஒன்றுமே தெரியாது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே அக்காவின் கணவரிடம் கேட்டேன். "அண்ணே, அக்கா என்ர பிள்ளைக்கு எங்க நேத்தி வச்சவ?"

பாவம் மனுஷன். அக்காவின் ஹேண்ட்பேக்கை எடுத்துத் தந்தார்.

பாதி எரிந்த மெழுகுதிரி, திருநீற்றுப் பொட்டலம், தர்காவில் கட்டுகிற பச்சை நூல், காய்ந்த அரசிலை... நாலும் இருந்தது.

"தெரியலம்மா. எங்க போனாலும் உங்க பிள்ளை பேரத்தான் சொன்னா."

மகளின் வார்டுக்கு வெளியே, மர வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கும்பிடக் கை தூக்கினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. சரியான பயம்.

போய்ட்டு வாங்கோ அக்கா.

அங்க ஆர் இருந்தாலும் பரவாயில்லை... அபிநயா, வியாழக்கிழமை, காலமை எட்டு மணி எண்டு சொல்லுங்கோ.