ஒற்றைத் துளைக் கெஸ்கெட்

மட்டிக்களியில் உள்துறைமுக வீதி வளைகிற இடத்தில் தர்மசீலனுடைய கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தர்மசீலன் பாஸ் எங்கே என்று கேட்டால் ஓட்டோக்காரர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் இலங்கைத்துறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வள்ளத்து இஞ்சின்களைக் கழற்றிப் பூட்டித் தொழில் பழகியவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து டவுனுக்கு வந்த பிறகு வான், லொறி என்று வேலை மாறியது. சத்தத்தைக் கேட்டே இஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தார். அந்தப் பெயரில் பாதி அவருடைய திறமை. மீதிப் பாதி, தெரியாத ஒன்றைத் தெரியாது என்று இருபத்தைந்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல் இருந்ததால் வந்தது.

போன வருடம் ஆவணியில் சல்லியிலிருந்து கமலாதேவியின் லொறியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கமலாதேவி சல்லிக் கரையில் மீன் எடுத்துத் தம்புள்ளைக்கு அனுப்புகிறவள். லொறியை ஓட்டுவது அவளுடைய தம்பி நிருபன். றேடியேற்றர் குழாய் வெடித்ததைக் கவனிக்காமல் நிருபன் நாலைந்து மைல் ஓடிவிட்டான். இஞ்சின் கொதித்து, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கிற கெஸ்கெட் தகடு போய், ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வெளுத்திருந்தது. தர்மசீலன் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். ஹெட் வளைந்திருந்தது. அடியில் பிஸ்டன்கள் ஓடுகிற புளொக்கின் மேல் முகத்தையும் தண்ணீர் அரித்திருந்தது. இரண்டையும் கிண்ணியாவுக்கு, இஹ்ஸானின் லேத் கடைக்கு அனுப்பினார்.

இஹ்ஸானுக்கு முப்பத்தொரு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கட்டாரில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்து மெஷின் போட்டவன். வேலை முடிந்து சாமானை ஏற்றும்போது ஒரு துண்டில் அளவை எழுதித் தர்மசீலனிடம் கொடுத்தான்.

"ஹெட்டை மட்டம் பண்ணி வால்வுகளை உள்ளுக்கு இறக்கிட்டன் பாஸ். புளொக்கில அரிப்புக் கூட இருந்திச்சு, கால் மில்லிமீற்றர் எடுக்க வேண்டி வந்திச்சு. இனிப் பிஸ்டன் முந்தினதை விட மேலுக்கு வரும். பூட்டினாப் பிறகு எவ்வளவு மேல வருது எண்டு அளந்து பாத்துத்தான் கெஸ்கெட் எடுக்கணும். டேர்போ இஞ்சின். விளங்குதுதானே?"

"ஓம், ஓம். தெரியும்" என்றார் தர்மசீலன்.

தெரியாது. அந்த இஞ்சினுக்கு மூன்று தடிப்பில் கெஸ்கெட் வருகிறது. ஓரத்தில் ஒரு துளை இருந்தால் மெல்லியது, இரண்டு இருந்தால் நடுத்தரம், மூன்று இருந்தால் தடித்தது. பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவுக்குத் தடித்ததைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் வால்வில் முட்டும். துளைகளைத் தர்மசீலன் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறார். கழற்றிய பழசில் எத்தனை துளையோ அத்தனை துளையுள்ள புதுசை வாங்கிப் போடுவார். புளொக்கை வெட்டாத வரையில் அதில் ஒரு பிழையும் வரவில்லை. அதனால் துளைகளுக்கு ஒரு கணக்கு இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அளக்கிற டயல் கேஜ் ஒன்று கராஜ் அலுமாரியில் கிடந்தது. சவூதியிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் கொடுத்தது. அன்றைக்கு அதை எடுத்துத் துடைத்தார். புளொக்கின் மேலே வைத்தார். முள் ஆடியது. எங்கே பூச்சியம் பிடிப்பது, எந்தப் பக்கமாக எண்ணுவது என்று பிடிபடவில்லை. போனை எடுத்து இஹ்ஸானின் நம்பர் வரைக்கும் போனார். என்ன கேட்பது? இருபத்தைந்து வருடம் பாஸ், இதைக் கூடவா தெரியாமல் இருந்தார் என்று தன் மகனின் வயதுப் பையன் நினைப்பானே. போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பாட்ஸ் கடைக்குப் போனபோது கடைக்காரர், "எத்தனை துளை?" என்று கேட்டார்.

"ஒண்டு."

இஞ்சினைப் பூட்டி முடுக்கியதும் உள்ளே சின்னதாக ஒரு தட்டல் கேட்டது. நிருபனும் கேட்டான்.

"என்னண்ணை, ஒரு சத்தம்?"

"இன்ஜெக்டர்ச் சத்தம். ரெண்டு நாளில அடங்கிப் போகும்."

எட்டாம் நாள் பகல், அக்போபுரத்தைத் தாண்டி லொறி நின்றது. வால்வு ஒன்று தலை முறிந்து உள்ளே விழுந்து, பிஸ்டனை உடைத்து, துண்டுகள் புகைக்குழாயால் பாய்ந்து டேர்போவின் இறக்கைகளையும் தின்றுவிட்டன. பின்தட்டு நிறைய அறக்குளா மீனும் சூரை மீனும். வேறு வாகனம் வந்து சேரும்போது ஐஸ் கரைந்து றோட்டில் ஓடியிருந்தது. பாதி மீனைக் காட்டோரம் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். தம்புள்ளையில் வழமையாக எடுக்கிற முதலாளி, அடுத்த நாளே வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

கமலாதேவி பக்கத்தில் நிற்கத்தான் தர்மசீலன் ஹெட்டைத் தூக்கினார். நாலு பிஸ்டனின் தலையிலும் பிறை போல வால்வு முட்டிய அடையாளம். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியது. இஹ்ஸான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் விளங்கியது.

"என்னண்ணை நடந்தது?" என்று கமலாதேவி கேட்டாள்.

அவர் யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது. "லேத்தில கூட வெட்டிப்போட்டான் தங்கச்சி."

நிருபனின் மோட்டார் சைக்கிளில் ஏறி நேரே கிண்ணியாவுக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று பின்னேரமே மட்டிக்களிக்குக் கதை வந்து சேர்ந்தது. கடை நிறைய ஆட்கள் நிற்க, இஹ்ஸானின் மனைவி அசனா உள்ளிருந்து எட்டிப் பார்க்க, கள்ளன் என்றும் கண்டறியாத மெஷின்காரன் என்றும் கமலாதேவி கத்தியிருக்கிறாள். அவன் அளவு எழுதின கதையைச் சொல்லப் போயிருக்கிறான். அவள் கேட்கவில்லை.

அடுத்த நாள் இஹ்ஸான் கராஜுக்கு வந்தான். அப்போது நாலு பேர் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவரோடும் பேசாமல் பிஸ்டன்களைப் பார்த்தான். இஞ்சினிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கெஸ்கெட்டை எடுத்து ஓரத்தைப் பெருவிரலால் தடவினான். ஒற்றைத் துளையில் விரல் நின்றது. நிமிர்ந்து தர்மசீலனைப் பார்த்தான். தர்மசீலன் கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியைத் துடைக்கத் தொடங்கினார். அது துடைத்த சாவிதான். இஹ்ஸான் கெஸ்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"சரி பாஸ், வாறன்."

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த "வாறன்" அவருடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பார்சலைத் திறக்காமல் நாய்க்குப் போட்டார். "கிண்ணியாப் பொடியன்ர மெஷின் பிழையாம், மூதூர் ஆக்கள் ரெண்டு பேர் வேலை குடுக்கிறதை நிப்பாட்டிட்டினமாம்" என்று ஓட்டோக்காரர் சொன்னபோது, "அப்பிடியோ" என்றார். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டுக் கூசிப்போனார். அவன்தான் பிழை என்று நான் சொன்னது, கால் வாசி உண்மையாகவும் இருக்கிறதே, வெட்டினவன் அவன்தானே என்று ஒருநாள் மனதுக்குள் வாதாடிப் பார்த்தார். அந்த வாதம் அவரை இன்னும் கீழே தள்ளியது.

இஹ்ஸான் வந்து போன நாலாம் நாள் காலை சல்லிக்குப் போனார். கமலாதேவி கரையில் மற்றப் பெண்களோடு இருந்து கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, லேத்தில பிழை இல்லை. பிழை என்ர."

கத்தி நின்றது. "என்ன சொல்லுறியள்?"

"அளந்து கெஸ்கெட் போடச் சொன்னவன். எனக்கு அளக்கத் தெரியாது. பழசைப் பாத்துப் போட்டனான்."

"அப்ப அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வெக்கமா இருந்தது."

"வெக்கமோ?" அவள் எழும்பினாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "அந்தப் பிள்ளையின்ர கடையில நிண்டு, அவன்ர மனுசி பாக்க, கள்ளன் எண்டு கத்திப்போட்டு வந்தனான். உங்கட வெக்கத்துக்கு என்னை ஏன் அண்ணை கூத்தாட விட்டனீங்கள்? எனக்கு வெக்கம் இல்லையோ?"

பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மசீலன் மணலைப் பார்த்தபடி நின்றார்.

"வாங்க" என்றாள் அவள். கையைக் கடல் தண்ணியில் கழுவிவிட்டு, உடுப்பும் மாற்றாமல் புறப்பட்டாள்.

இரண்டு பேரும் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். லேத் கடையில் அன்றைக்கும் ஆட்கள் நின்றார்கள். கமலாதேவி முதலில் போய், அசனாவைக் கூப்பிட்டு, அவளிடமும் இஹ்ஸானிடமும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு விலகி நின்றாள். தர்மசீலன் சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

இஹ்ஸான் மெஷினை நிற்பாட்டினான். "எனக்கு அண்டைக்கே தெரியும் பாஸ்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லயில்லை?"

"உங்கட கராஜில நாலு பேர் நிண்டாங்க. நீங்களே சொல்லுவீங்க எண்டு பாத்தன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நாலு நாள் எடுத்துப்போட்டுது" என்றான்.

செலவு யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. தர்மசீலன் புதுப் பிஸ்டனும் வால்வும் எடுத்தார், டேர்போ பழசு ஒன்று தேடிப் பிடித்தார். ஹெட்டை இஹ்ஸான் மறுபடியும் சரிபார்த்துக் கொண்டுவந்தான். அளக்கிற நாளில் கமலாதேவியும் வந்து பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தர்மசீலன் புளொக்கின் முகத்தைத் துடைத்து, கேஜை வைத்துப் பூச்சியம் பிடித்து, பிஸ்டனின் தலைக்கு நகர்த்தி, இஞ்சினை மெல்லச் சுற்றினார். முள் ஏறி ஏறி ஒரு இடத்தில் நின்று திரும்பியது. எண்ணைச் சொன்னார்.

"மற்றப் பக்கமா எண்ணுறீங்க" என்றான் இஹ்ஸான்.

காது மடல் சுட்டது. மறுபடியும் செய்தார். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு இடம், நாலு பிஸ்டனுக்கு எட்டு. எட்டையும் எழுதி, ஆகக் கூடினதை எடுத்துப் பட்டியலில் பார்த்தான் இஹ்ஸான். மூன்று துளை.

"முடிஞ்சுதோ?" என்று கமலாதேவி கேட்டாள்.

"ஓம்."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"இருபது நிமிசம் இருக்கும்."

"இருபது நிமிசம்" என்று அவள் ஒரு தரம் திருப்பிச் சொன்னாள்.

லொறி ஒரு தட்டலும் இல்லாமல் ஓடியது; இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் ஒயில் மாற்றக் கூட அவள் இப்போது சாம்பல்தீவில் வேறொரு கராஜுக்குத்தான் போகிறாள். சந்தையில் கண்டால் தர்மசீலன்தான் முதலில் சிரிப்பார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

இஹ்ஸானை விட்டுப்போன மூதூர்க்காரர் இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்றவர் ஸெய்னுதீன், மூன்று ட்ரக்டர் வைத்திருக்கிறவர். அவரிடம் தர்மசீலன் தானே போய் நடந்ததைச் சொன்னார். அவர் சிரித்தார். "அந்தப் பொடியனைக் காப்பாத்த உங்கட தலையில போடுறீங்க. நல்ல மனுசன் நீங்க" என்றார்.

நல்ல மனுசன் என்ற சொல்லைக் கேட்டுத் தர்மசீலனுக்கு எழும்பி ஓட வேண்டும் போலிருந்தது. போன மாதம் மறுபடியும் போனார். கேஜையும் கொண்டுபோய், எப்படி அளப்பது, தான் எதை அளக்காமல் விட்டது என்று முற்றத்தில் வைத்துக் காட்டினார். ஸெய்னுதீன் பாதி கேட்டார். பிறகு இந்தப் போகம் மழை பிந்திப்போன கதையை எடுத்தார். தர்மசீலன் அவர் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்து முடித்து, கேஜைப் பெட்டிக்குள் வைத்து மூடி, வாற மாதமும் வருவேன் என்று சொல்லிவிட்டு எழும்பினார்.