பாலத்தில் கழுதையோடு காத்திருக்கவும்

என் தங்கை எடெல்மிரா காய்வாரா, எங்களுக்கு மிரா, பிறந்தபோதே பிழைக்கமாட்டாள் என்றார்கள், பிழைத்தாள். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்றார் அப்பா. வானொலியில் வந்த எழுத்துப் பாடத்தை ஆட்டு மந்தைக்கு நடுவே உட்கார்ந்து கேட்டே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். வில்கபாயா வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு மேயரின் ஞானமகள் சான்றிதழோடு வந்து நின்றாள். வேலை எடெல்மிராவுக்குத்தான் கிடைத்தது. எங்கள் மலை ஜனங்கள் பேசும் கெச்சுவா மொழியில் மேயரின் ஞானமகளுக்கு ‘நாய்’, ‘வா’ என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். இவற்றுக்கெல்லாம் பிறகு என் தங்கை ஜெயித்தது, வாயே திறக்காத ஒரு மனிதனை. முந்தைய வெற்றிகள் எல்லாம் சேர்ந்து எனக்குக் கொடுக்காத தொல்லையை அந்த ஒன்று கொடுத்தது. அதனால் அதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

அந்த மனிதனின் பெயர் செனோன் பூமா. நிலையத்தின் ஒலிப்பதிவுக்காரன். நடுவில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் மிரா ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருப்பாள், அந்தப் பக்கம் அவன் இசைத்தட்டுகளோடு உட்கார்ந்திருப்பான். அவன் பேசி யாரும் கேட்டதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டாகப் போட்டுவிடுவான். காலையில் மிரா, “நேயர்களே, எனக்கு ஜலதோஷம்” என்பாள். உடனே காதலி படுக்கையில் கிடப்பதாக ஒரு பாட்டு வரும். “நம்ம ஒலிப்பதிவுக்காரர் தூங்கிட்டார் போல” என்பாள், சேவல் கூவும். சேவல், கோயில் மணி, இடி எல்லாம் அவனிடம் பதிவாக இருந்தன.

என் ரொட்டிக் கடையில் வானொலி நாள் முழுக்க ஓடும். ஆகவே இந்தக் காதல் என் வாடிக்கையாளர்கள் முன்னிலையில்தான் வளர்ந்தது.

“கசியானோ, உன் மச்சான் இன்னைக்கு ரெண்டு தடவ கூவினான், கேட்டியா?”

“மச்சானா? எவன் மச்சான்? ரொட்டிய வாங்கிட்டு நடையக் கட்டு.”

மிராவும் ஒத்துக்கொள்ளமாட்டாள். தினமும் கறி அடைத்துச் சுட்ட சூடான சால்தேன்யா இரண்டை எடுத்துத் துணியில் சுற்றுவாள்.

“யாருக்கு?”

“எனக்குத்தாண்ணே.”

“நீ ஒண்ணையே முழுசா தின்னமாட்டியே?”

“இப்பல்லாம் பசி ஜாஸ்தி.”

இப்படியே மூன்று மழைக்காலம் போயிற்று. எனக்குத்தான் தலை நரைத்தது.

எங்கள் பக்கத்து மலைக் குடியிருப்புகளில் தொலைபேசி கிடையாது. சுரங்கத்துக்குப் போன மகன் ஊர் திரும்புவதானாலும், சந்தையில் மாடு விற்றுப்போனாலும், வானொலி ஜன்னலில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். மதியம் மிரா அதை வாசிப்பாள். “மேல்காட்டு ருஃபினோ குடும்பத்துக்கு: மகள் வியாழக்கிழமை லாரியில் வருகிறாள். பாலத்தில் கழுதையோடு காத்திருக்கவும்.” லாரி பாலத்தோடு நின்றுவிடும், மூட்டையைச் சுமக்க அதற்கு மேல் கழுதைதான். அதனால் எந்த அறிவிப்பும் அந்த வாக்கியத்தில்தான் முடியும். யாருக்கு, யாரிடமிருந்து என்று இரண்டு பெயரும் இருந்தால்தான் வாசிக்க வேண்டும் என்பது இயக்குநர் டோன் லிபோரியோவின் கண்டிப்பான விதி.

செனோன் ஒருவழியாகத் துணிந்தான். துணிந்தவன் கண்ணாடியைச் சுற்றி நாலு எட்டு நடந்து நேரில் சொல்லியிருக்கலாம். அவன் ஒரு சீட்டு எழுதி, மற்ற சீட்டுகளோடு நுழைத்துவிட்டான். பெயர் எழுத வெட்கம். ஆகவே எந்தப் பெயரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மிராவின் குரல் கடையில் கேட்டது. “இதுல பேரே இல்ல. யாருப்பா எழுதினது? சரி, வாசிச்சுடறேன், எந்த அம்மாவாவது காத்துக்கிட்டிருப்பாங்க. ‘நீங்கள் இத்தனை காலம் எதிர்பார்த்த ஆள் ஞாயிறு மதியம் வருகிறான். பாலத்தில் கழுதையோடு காத்திருக்கவும்.’”

அப்புறம் நடந்ததை நான் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் மலையில் யாரையும் எதிர்பார்க்காத வீடு ஏது?

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் ஆட்களைவிடக் கழுதைகள் அதிகம். ரொட்டிக் கூடையோடு நானும் போனேன், கூட்டம் என்றால் வியாபாரம்தானே. ருஃபினோ குடும்பம், தச்சன் வீட்டார், கோழி வறுத்து எடுத்துவந்த நிக்கோலாசா அம்மா. அவள் மகன் சுரங்கத்துக்குப் போய்ப் பல வருடம். ஒரு சேதியும் இல்லை. நடுவில் கஞ்சி போட்ட சட்டையும் இரவல் கழுதையுமாக செனோன் நின்றான். யார் அந்தப் பெயரில்லாத ஆள் என்று கையும் களவுமாகப் பிடித்துத் திட்டுவதற்காக மிராவும் வந்திருந்தாள். அவனைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். கழுதையைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று.

லாரி வந்தது. உப்பு மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிப்போனது.

“இவ்வளவுதானா?” என்றாள் நிக்கோலாசா அம்மா. கோழியை யாருக்கும் கொடுக்காமல் துணியில் திரும்ப முடிந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. எல்லோரும் நேராக டோன் லிபோரியோவின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அவர் தீர்ப்புச் சொன்னார்: நாளை மதியத்துக்குள் சீட்டை எழுதியவன் யார் என்று எடெல்மிரா சொல்ல வேண்டும்; இல்லையென்றால் ஒலிவாங்கியை மேயரின் ஞானமகளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன்.

“பேரைச் சொல்லித் தொலையேன்!”

“சொன்னா அவர் வேலை போயிடும்ணே.”

“சொல்லலன்னா உன் வேலை போகுமே, அது பரவால்லயா?”

“அவரே சொல்லட்டும்.”

“அவனா? கோயில் மணி எந்திரிச்சுப் பேசினாலும் பேசும், அவன் பேசமாட்டான்டி!”

“அப்ப எனக்கும் அப்படிப்பட்ட ஆள் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம் என் கடையில் ரொட்டி வாங்காதவர்களும் நின்றார்கள். அறிவிப்பு நேரத்துக்கான இசை முடிந்தது. மிராவின் குரல் வரவில்லை. ஏதோ தட்டும் சத்தம், இருமல். பிறகு, எவனோ தவறான பொத்தானை அமுக்கியதால், சேவல் கூவியது.

“போச்சு” என்றேன் நான்.

“அறிவிப்பு,” என்றது ஓர் ஆண்குரல். கடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது யார் குரல் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. “நிக்கோலாசா அம்மாவுக்கும், பாலத்துக்கு வந்த எல்லாருக்கும். அந்தச் சீட்டு நான் எழுதினது. என் பேரு செனோன் பூமா. உங்க யாருக்கும் எழுதல. எடெல்மிரா காய்வாராவுக்கு எழுதினேன். கழுதை எதுக்குன்னு கேட்காதீங்க. அறிவிப்புன்னா அப்படித்தான் முடியும்னு நினைச்சுட்டேன். அம்மா, மன்னிச்சிடுங்க. பாலத்துல கழுதையோட...” இங்கே அவன் நிறுத்திவிட்டான்.

கடையே வெடித்துச் சிரித்தது. நான் மாவுக் கையோடு நிலையத்துக்கு ஓடினேன்.

ஜன்னலில் கூட்டம். டோன் லிபோரியோ, செனோன் இனி இங்கே வேலைசெய்ய முடியாது, விதியை மீறிப் பெயரில்லாததை வாசித்தவளும் முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராத்திரி ஊரிலேயே தங்கிவிட்ட நிக்கோலாசா அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, என் மகன் எப்பவாவது சேதி அனுப்பினா, அதை மேயர் வீட்டுப் பொண்ணு எந்த பாஷையில எனக்குச் சொல்லுவா? நாயே வான்னா?”

டோன் லிபோரியோ இருவரையும் வேலையில் விட்டுவைத்தார். ஆனால் தோற்றதுபோல் தெரியாமலிருக்க, புது விதி ஒன்று போட்டார்: இன்றிலிருந்து கையெழுத்தில்லாத சீட்டை யாரும் வாசிக்கக் கூடாது. எழுதத் தெரிந்தவர்கள் முழுப் பெயரையும் எழுத வேண்டும்.

“சரிங்கய்யா” என்றாள் மிரா. ஒரு காகிதத்தை எடுத்தாள். வாசிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் அவளிடம் கையெழுத்து என்று யாரும் கேட்டதே இல்லை. அடையாள அட்டை எடுக்கப் போனபோதுகூடக் குமாஸ்தா அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினாள். எனக்கு எட்டிப் பார்க்கப் பொறுமையில்லை, பிடுங்கிப் படித்தேன்.

‘செனோன் பூமாவுக்கு: சம்மதம். இனிமேல் எதுவானாலும் வாயால் சொல்லவும். எடெல்மிரா காய்வாரா.’

அதன் கீழே தேதியும் போட்டிருந்தாள்: 1987 செப்டம்பர் 7.