கறை என்று நான் சொன்ன நெபுலா

தவறு செய்தவன் நான். வேலையை இழந்தவர் காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்த சேது.

எழுபதுகளின் தொடக்கம். கல்லூரியில் இயற்பியல் ஆசிரியனான நான், தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள நெபுலா என்னும் ஒளிமேகத்தைப் படமெடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பிலிமைக் கழுவித் தந்தவர் சேது. ஒரு பிரிண்டில், புத்தகப்படி நெபுலா இருக்க வேண்டிய கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தது. மேலே வெள்ளைத் திட்டு. குழம்பிப்போனேன்.

"என்ன சேது, பிலிம் கழுவுற மருந்துக் கறையோட குடுக்கிறீக?"

"ஒழுங்காத்தான் கழுவுனேன் சார். ஆனா நீங்க சொன்னீகன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த ஆத்திரத்தில், அவர் வழக்கமாக எடுக்கும் கல்லூரி குரூப் போட்டோ வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டேன்.

மறு ஆண்டு, தொலைநோக்கியின் லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்று கரும்பலகையில் வரைந்தபோது என் கை நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பிரிண்டைத் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது கீழே வந்த அந்தத் திட்டுதான் நெபுலா.

ஸ்டுடியோவில் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன்.

"போங்க சார், கறைன்னு நம்பி தண்ணித் தொட்டியையே ரெண்டு தரம் மாத்திப்புட்டேன்" என்று சிரித்தார்.

கல்லூரி முதல்வரிடம் உண்மையைச் சொல்லி வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அதன்பின் எந்தப் பிரிண்டைத் தரும்போதும், "கறை ஏதும் இருக்கா, பாருங்க சார்" என்பார். இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்பதை நிறுத்தவே இல்லை.