ரசலையன் வெட்டிய மணல் வரி

புதுக்கடை ஊர்ப் பக்கத்தில் செங்கல் சூளைக்குக் களிமண் வெட்டுபவர் ரசலையன். வயது ஐம்பத்தெட்டு. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே கல் நன்றாக வேகுமா, வெடிக்குமா என்று சொல்லிவிடுவார். மண்ணறிந்தவர் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து. அதில் யாரும் பங்குக்கு வரக்கூடாது.

பங்குக்கு வந்தார் பைப் கடை நடத்தும் ஜெயசிங். தன் வாழைத் தோட்டத்தில் மீன் வளர்க்கக் குளம் தோண்டியபோது, கருங்களியைப் பிளந்துகொண்டு கீழிருந்து மேலாக வெள்ளை மணல் ஒரு வரியாக ஓடியிருந்தது. கல்லூரியில் நிலவியல் நடத்தும் பிளஸ்ஸி டீச்சர் வந்து அளந்தார். பல ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்த நிலநடுக்கத்தில் அடியில் கிடந்த ஈர மணல் பீறிட்டிருக்கலாம் என்றார். பத்திரிகையில் ஜெயசிங் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை முடிந்ததும் ஊரே அவரைச் சுற்றி நின்றது.

ரசலையனுக்கு வயிறு எரிந்தது. பைப் கடைக்காரனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? இந்த வரிகளை அவர் முப்பது வருஷமாகப் பார்க்கிறார். மணல் கலந்தால் கல் உதிரும் என்று சுரண்டி எறிந்துவிடுவார், அவ்வளவுதான். இப்போதும் அவர் குழியில் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது.

திங்கட்கிழமை சாயாக்கடையில் டீச்சரே அவரிடம் கேட்டார். "ஒரு இடத்துல மட்டும் இருந்தா நிலநடுக்கம்னு உறுதியாச் சொல்ல முடியாது. வேற எங்கயாவது கண்டிருக்கீங்களா?"

'எனக்க குழிக்கு வாங்க' என்று சொன்னால் போதும். ஆனால் உறுதியாகப்போவது ஜெயசிங்கின் பெயரல்லவா!

"நான் ஒண்ணும் கண்டதில்ல டீச்சர். அது ஏதாவது பழைய எலிப்பொந்தா இருக்கும்" என்றார்.

நேராகக் குழிக்குப் போனார். சுவருக்குள் இரண்டடி போய், வரி தீரும் வரை மம்மட்டியால் வெட்டி எறிந்தார். அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் ஜெயசிங் டீச்சரைக் கூட்டிக்கொண்டு குழிக்கரையில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை சபை விட்டுப் போம்போ எட்டிப் பாத்தேன் மக்கா. உனக்க வரி என்னோடதவிடப் பெரிசுலே. நமக்க ஊருல மண்ணு தெரிஞ்ச ஆளு நீதான்னு சொல்லித்தான் டீச்சரக் கூட்டிட்டு வந்தேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தவர் திகைத்தார். புதிதாக வெட்டிய சுவரில் கருங்களி மட்டும் இருந்தது.

"ஏலே, அது எங்கலே?"

டீச்சர் இறங்கி வந்து, மம்மட்டித் தடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். நோட்டை விரித்தார். 'இரண்டாவது இடம்: ரசலையன் குழி' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ரசலையனின் கண்முன்னாலேயே அதைக் கோடு போட்டு அடித்தார்.