என் கணவர் தலைக்கட்டான மாலை

காலை ஏழரை மணிக்குப் பொன்னேரியில் இறங்கினேன். சென்னையிலிருந்து தொடர்வண்டிக் கட்டணம் பத்து ரூபாய். எங்கள் பினாங்கில் அத்தொகைக்குத் தேநீர்கூடக் கிடைக்காது. நடைமேடையில் என் கணவர் ஏழுமலை நின்றிருந்தார். நாங்கள் பினாங்குப் பதிவகத்தில் மணந்துகொண்டவர்கள். அங்குள்ள கப்பல் பட்டறையில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. அவருக்காக நான் விண்ணப்பித்த துணைவர் விசா இன்னும் பரிசீலனையில் இருந்தது. ஆகவே, நான் கற்பிக்கும் பள்ளி விடுமுறை விட்டதும் நானே புறப்பட்டு வந்தேன்.

"மெயில் வந்துச்சா?" என்பதே அவருடைய முதற்கேள்வி.

இல்லை என்றேன்.

பழவேற்காட்டுக்குப் பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து ஏரியைக் கடந்து கடலோரக் குப்பத்துக்குப் படகு.

"இன்னா ஏழுமல, இவங்கதான் மலேசியாவா?" என்றார் படகுக்காரர்.

"வணக்கம் ஐயா. அக்கரை சேர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"அடேங்கப்பா, ரேடியோ மாரி பேசுதுபா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் நின்றன. வடக்கே நீர்மேல் வெளிர்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. நெருங்கியதும் அக்கோடு சிறகடித்து எழுந்தது. பூநாரைகள்! விசாவை நான் மறந்திருந்த முதற்கணம் அது.

மாலையில் அம்மன் கோயில் முன் ஊர் கூடியது. ஏரியில் முறைவைத்து இறால் வலை கட்டும் உரிமைக்குப் 'பாடு' என்று பெயர். மணமான ஆணை ஊர் ஒரு 'தலைக்கட்டு' என்று ஏற்றுக்கொண்ட பிறகே அவர் பெயர் பாட்டுக்கான சீட்டில் சேரும். ஏழுமலைக்கு அன்று அது தீர்மானமாக வேண்டும்.

ஊர்த்தலைவர் கோதண்டம் எங்கள் மணச்சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காயிதம் கீது, சரி. கல்யாணத்த நம்மூர் ஆளு எவன் பாத்தான்? சும்மா பாட்டுக்கோசரம் கட்டிக்கினு வந்தான்னா?"

இது மெய்யான திருமணந்தானா என்று குடிநுழைவு அலுவலகத்தில் எவரேனும் கேட்பார்களோ என அஞ்சியிருந்தேன். அக்கேள்வி இங்கே எனக்காகக் காத்திருந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. மீன் கொழம்புல உம் புருசன் எந்தத் துண்ட எடுப்பான்?"

"தலையை எடுத்து என் தட்டில் வைப்பார், ஐயா. தமக்கு வாலை வைத்துக்கொள்வார்."

பெண்கள் பக்கமிருந்து என் மாமியார் கன்னியம்மா எழுந்தார்.

"ஐயே! இத்தினி வருசம் ஆக்கிப் போட்டேன், பெத்தவளுக்கு ஒரு நாளு தல வெச்சிருப்பியாடா? உனுக்கு இனிமே முள்ளுதான்டா!"

ஊரே வெடித்துச் சிரித்தது. கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் கன்னிம்மா. இத்தவிட இன்னா சாட்சி வேணும்? மாலைய எடுத்தாங்கடா!"

அம்மன் முன்னிலையில் மீண்டும் மாலை மாற்றிக்கொண்டோம். இம்முறை எனக்குப் பூ முடித்துவிட்டவர் மாமியார். "ரொம்ப மெலிஞ்சிகீற. நாளிக்கி தல உனுக்குத்தான்" என்று காதருகே சொன்னார். பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். ஏழுமலைக்கு அடுத்த வாரம் பாடு விழுந்தது.

மறுநாள் காலை, மணலில் தம் சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய வலையை அவர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது! வலையைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார், நாய்கள் குரைத்தன. இறக்கிவிட்டதும் முகம் சற்று மாறியது.

"டீச்சர், பாடு அடுத்த வாரந்தான் கீது. அத வுட்டுட்டு எப்டி வர்றது?"

ஒவ்வொரு காலையும் மின்னஞ்சலைத் திறக்கவே நடுங்கியவள் நான். ஆயினும் அவர் பயணச்சீட்டைப் பாட்டுக்குப் பிறகே எடுக்கச் சொன்னேன்.

பள்ளி திறக்கவிருந்ததால் நான் தனியே திரும்பினேன். படகு நகர்ந்தபோது இடுப்பளவு நீர்வரை கூடவே வந்து கையசைத்தார். இரண்டு நாடுகளுக்கிடையே நாங்கள் அழாமல் பிரிந்தது அதுவே முதன்முறை.

பினாங்கிலும் கடலோரத்தில்தான் குடியிருக்கிறேன். இங்கே கடல் எவருடைய முறைக்கும் காத்திருப்பதில்லை. விசைப்படகுகள் நாள்தோறும் போய் வருகின்றன. கணவர் எப்போது வருவார் என்று அண்டை வீட்டார் கேட்டால், முன்பெல்லாம் "விசா வந்ததும்" என்பேன். இப்போது "பாடு முடிந்ததும்" என்கிறேன். அவர்களுக்கு அது விளங்குவதில்லை. உட்காரவைத்துத் தேநீர் தந்து, கதையை மீன்தலையிலிருந்து தொடங்குகிறேன்.