தாயத்துக்குள் இருந்தது

கரிசல்காட்டில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் மழை கேட்டுப் பொங்கல் வைக்கிற அதே அம்மனுக்கு, மழை பெய்து தீக்குச்சி நமுத்துவிடக் கூடாதென்று ராமசுப்புவும் பொங்கல் வைப்பார். கோவில்பட்டியில் சின்னதாய் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அவருக்கு. அம்மன் யார் பேச்சைக் கேட்பாள் என்று அவர் ஒரு நாளும் குழம்பியதில்லை.

மகன் பாலகணேஷ் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவனைக் கேட்டுச் சேர்க்கவில்லை. அவன் சாதகத்தைக் கேட்டுச் சேர்த்தார். பிளஸ் டூவில் அவனைவிடக் கூடுதல் மார்க் வாங்கிய தங்கை காளீஸ்வரி, வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் சாதகத்தை யாரும் எடுக்கவேயில்லை.

லீவுக்கு வந்த பையனுக்குக் கை நடுங்கியது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். அரியர் வேறு ஏறிக்கொண்டே போனது. "ஏம்லே இப்படி இருக்கே?" என்று அவனிடம் கேட்டிருக்கலாம். ராமசுப்பு பஸ் ஏறி எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டிப் போய், குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் கேட்டார். "பங்காளி வச்ச செய்வினை" என்றான் கோடாங்கி. செம்புத் தாயத்து ஒன்று வந்தது. திறந்தால் பலிக்காது என்ற நிபந்தனையோடு.

கட்டிய கொஞ்ச நாளிலேயே பையன் அடங்கிவிட்டான். யாரைப் பார்த்தாலும் சாந்தமாய்ச் சிரித்தான்.

"பாய், செம்புக்குள்ள சக்தியப் பாத்தீரா?" என்றார் ராமசுப்பு, டீக்கடையில் சைக்கிள் கடை குத்புதீனிடம்.

"அண்ணாச்சி, பகல்லயும்லா தூங்குதான். டாக்டர்ட்ட காட்டுங்க."

"உமக்குப் பொறாமை."

காளீஸ்வரியும் சொன்னாள். "அப்பா, அண்ணன் தாயத்துக்குள்ள மாத்திரை வச்சு முழுங்குதான். நான் பாத்தேன்."

"ஏட்டி, சாமி காரியத்துல வாய வைக்காத!"

ஒரு மத்தியானம் எவ்வளவு உலுக்கியும் அவன் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். காளீஸ்வரி தாயத்தின் மூடியைத் திருகினாள்.

"தொறக்காதட்டி, பலிக்காது!" என்று கத்தினார் ராமசுப்பு.

மந்திரத் தகட்டைக் காணோம். கத்தரித்துச் சுருட்டிய மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டு டாக்டர் உள்ளே ஓடினார். பையன் பிழைத்தான்.

மறுநாளே டீக்கடையில் ராமசுப்பு வாயில் செய்தி வேறு மாதிரி வந்தது. "தாயத்து இல்லேன்னா டாக்டருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? உசுரக் காப்பாத்துனதே அதுதான் பாய்!" திறந்த மகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே வேகத்தில் இரண்டு புதுத் தாயத்துகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒன்று மகனுக்கு. மற்றது, திறந்த பாவத்துக்காக மகளுக்கு.

"வேண்டாம்ப்பா" என்றான் பாலகணேஷ். "அந்தப் படிப்பு எனக்கு ஏறல. உங்ககிட்டச் சொல்லப் பயந்துதான் முழுங்குனேன். பாஸாயிருவியான்னே கேக்குதீங்க. ஒரு தடவ, நல்லாருக்கியான்னு கேளுங்க."

ராமசுப்பு தாயத்துகளை இடக்கைக்கு மாற்றினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகன் கையைப் பிடித்தார்.

"நல்லாருக்கியாலே?"

அவன் கண் கலங்கத் தலையாட்டினான். அதோடு அவர் எழுந்து போயிருக்கலாம்.

"அப்போ அந்த அரியர நவம்பர்ல முடிச்சிரலாம்லா?"

காளீஸ்வரி இரண்டு தாயத்துகளையும் அவர் கையிலிருந்து வாங்கினாள். ஒன்றன்மேல் ஒன்றாக அவர் கழுத்திலேயே கட்டி, முடிச்சை இறுக்கினாள்.