ஒரு காதுக்கு ஒரு ஹெட்போன்

நார்த்தாமலைப் பக்கத்துக் கல் கிரஷரில் பத்தொன்பது வருடம் மிஷின் ஓட்டியவர் நிலவழகன். அந்த இரைச்சலில் இடது காது எப்போது செத்தது என்று அவருக்கே தெரியாது. யாரிடமும் சொன்னதுமில்லை. இடப்பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்தவர்கள், திமிர் பிடித்த ஆள் என்று ஒதுங்கிப்போனார்கள். மனைவி சந்தனம் இறந்து மூன்று வருடம். மகள் நித்யாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. திருக்கோகர்ணத்து வாடகை வீட்டில் செல்போன் பாட்டுதான் துணை. அதையும் சத்தம் குறைக்கச் சொல்லி மாடி வீட்டுக்காரர் வந்து நின்றார்.

மறுநாள் ஹெட்போன் வாங்கக் கீழராஜ வீதியில் ஒரு செல்போன் கடைக்குப் போனார்.

"என்ன பாட்டு கேப்பீங்கண்ணே?" என்றாள் கடையிலிருந்த வித்யா. "குத்துப்பாட்டுன்னா பேஸ், அதான் அடிச்சத்தம், தூக்கலா இருக்கறதா எடுக்கலாம். பஸ்ல கேக்கன்னா வெளிய இருக்குற சத்தத்தை அடக்குறது இருக்கு."

"பழைய டூயட்டும்மா. வீட்டுல கேக்கத்தான். காதுக்குள்ள திணிக்கிறது வேணாம், வலிக்கும்."

காதை மூடுகிற ரகத்தில் ஒன்றை மாட்டினார். தபேலா இடித்ததே தவிர வார்த்தை புரியவில்லை. அடுத்தது தெளிவாக இருந்தது. ஆனால் பாதிப் பாட்டு காணோம்.

"பொம்பளக் குரல் வரலயே."

வித்யா தன் காதில் வைத்துப் பார்த்தாள், வந்தது. இடம் வலம் மாற்றி அவருக்கு மாட்டினாள். இப்போது ஆண் குரல் இல்லை.

அவள் பக்கத்தில் வந்து, "ஒரு காது கேக்காதாண்ணே?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

"இந்தப் பாட்டுல குரலை ஆளுக்கொரு பக்கமா பிரிச்சு வச்சிருக்காங்க. ஒங்க போன்லயே ரெண்டையும் ஒண்ணாக்கிரலாம். வெலை கூடுனது எதுவும் தேவையில்ல, இதுவே போதும்."

செட்டிங்கை மாற்றிக் கொடுத்தாள். இரண்டு குரலும் ஒரே காதில் வந்தன. முழுப்பாட்டும் முடியும்வரை அவர் அங்கேயே நின்றார்.

அதையே வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நித்யாவைப் போனில் கூப்பிட்டுக் காது விஷயத்தைச் சொன்னார்.

"ஏம்ப்பா இத்தன நாளாச் சொல்லல?"

"சொல்ற மாதிரி வரல. ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இப்பத் தோணுது. எங்க போனாலும் எனக்கு வலப்பக்கமாத்தான் வருவா."

"சனிக்கிழமை வாரேன்ப்பா" என்றாள் நித்யா.

அந்தச் சனிக்கிழமை அவளால் வர முடியவில்லை. அடுத்த மாதம் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். போன காது போனதுதான் என்றார் டாக்டர். ஞாயிறு மாலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த நிலவழகன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து உலையில் போட்டார்.